பாதி ஈரல்

தர்ஷினியின் கைக்கடிகாரம் காலையிலிருந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. மகள் யாழிசையின் உடம்பு தன் ஈரலைத் தானே தாக்கி அழித்தபோது, தன்னுடையதில் பாதி ஈரலைக் கொடுத்தவள் தர்ஷினிதான். இப்போது அந்தப் பாதியையும் தாக்கச் சொல்லி மகளின் ரத்தத்தில் ஓடும் சமிக்ஞை ஒவ்வொன்றும், அறுவையின்போது மகளுக்குள் பதித்த உணரி வழியாக, கொடுத்தவள் மணிக்கட்டில் வந்து துடித்தது.

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவளோடு ஒரு வருடமாகப் பேச்சில்லை. தர்ஷினி அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். கடைசியில் ஈரக்குலை பதற, வீம்பை விட்டு மகளை அழைத்தாள்.

"ஏண்டி, மாத்திரை போடலையா?"

"நிறுத்திட்டேன்."

"பைத்தியமாடி உனக்கு?"

"பின்ன என்னம்மா? நல்லா இருந்தவரைக்கும் ஒரு தடவையாவது கூப்பிட்டியா?"