பல்லிடுக்கு

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டாள்.

சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில். சக்கரங்கள் வானத்தைப் பார்த்தபடி.

பெடலைச் சுற்றினாள். செயின் கொஞ்சம் நகர்ந்தது, கடக்கென்று நின்றது. மறுபடி சுற்றினாள். மறுபடி கடக்.

'செயின் சிக்கிக்கிச்சும்மா' என்று போன மாதம் தள்ளிக்கொண்டு வந்து போட்டவன்தான். அதற்கப்புறம் மகன் தருண் அதன் பக்கம்கூடப் போகவில்லை. காலேஜில் சேர்ந்ததும் ஒற்றைக் காலில் நின்று வாங்கிய கியர் சைக்கிள்.

காலையில் கேட்டதற்கு, "அது கெடக்கட்டும். பூஜைக்கெல்லாம் வெக்க வேண்டாம்" என்றான்.

வைக்காமல் எப்படி? ஆயுத பூஜையன்று வீட்டில் ஓடுகிற ஒன்றைத் துடைக்காமல், பொட்டு வைக்காமல் விட முடியுமா? அவள் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் நேற்றே எல்லாம் ஆயிற்று. கத்தரிக்கோலுக்குக்கூடப் பொட்டு.

பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதியாக அறுத்து மண்ணெண்ணெய் ஊற்றினாள். பழைய டூத் பிரஷ்ஷை முக்கினாள்.

தெரு முழுக்க இதே வேலைதான். பைக்குக்குக் குளியல், ஆட்டோவுக்குக் குளியல்.

எதிர் வீட்டில் மட்டும் இல்லை.

எதிர் வீட்டில் இந்த வருஷம் பண்டிகை கிடையாது. பூங்கொடி அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். போன மாதம் மகள் சிந்துஜாவை வாய்க்காலிலிருந்து பிணமாகத் தூக்கிய நாள் முதல் அவள் இடம் அந்தப் படிதான்.

கால் தவறி விழுந்திருக்கிறாள் என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. தெரு முடிக்கவில்லை. எவனோடோ சுற்றினாளாம். அவன் கைவிட்டதும் குதித்தாளாம். குழாயடியில், கம்பெனி வேனில், அக்கா காதுபடவே.

அக்கா போகிற வருகிறவர்களிடம் ஒன்றைத்தான் கேட்பாள்.

"ஆரஞ்சு துப்பட்டாங்க. நானே கண்ணாடி வெச்சுத் தெச்சுக் குடுத்தது. அது மட்டும் எங்க போச்சு?"

இவள் பிரஷ்ஷால் செயினைத் தேய்த்தாள். கறுப்பு வழிந்தது. உள்ளேயிருந்து இரும்பு எட்டிப் பார்த்தது.

மற்றபடி வண்டி பளபளவென்றுதான் இருந்தது. தள்ளிக்கொண்டு வந்த அன்றைக்கே ஷாம்பூ போட்டுக் கழுவிவிட்டான். சாப்பிட்ட தட்டைக் கழுவாதவன். 'பையனுக்குப் பொறுப்பு வந்துருச்சு' என்று அவளே கம்பெனியில் பீற்றிக்கொண்டாள்.

ரிம், மட்கார்டு, புதிதாக மாட்டிய கேரியர். கண்ணில் படுகிறதையெல்லாம் கழுவியிருந்தான்.

கியர் வண்டிக்குக் கேரியர் எதற்குடா என்று அப்போதே கேட்டாள். புக்ஸ் வைக்கவாம்.

கண்ணில் படாதது பின்சக்கரத்தில் இருந்தது. அடுக்கடுக்காய்ப் பல் சக்கரங்கள். இடுக்கெல்லாம் கிரீஸ் அப்பிக் கிடந்தது.

பனியன் வேஸ்ட் துணியை நீளமாகக் கிழித்தாள். இடுக்கில் விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தாள்.

ஏதோ தடுத்தது.

கோணி ஊசியால் நெம்பினாள். நூல் வந்தது. இழுக்க இழுக்க வந்தது.

கம்பெனியில் அவள் வேலையே அதுதான். செக்கிங். துணியில் பிசிறு எங்கே ஒளிந்திருந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும்.

மண்ணெண்ணெயில் முக்கி எடுத்தாள்.

ஆரஞ்சு.

நூலின் நுனியில் பொத்தான் மாதிரி வட்டமாக ஒன்று. கட்டைவிரலால் துடைத்தாள்.

பளீரென்று வெயில் அவள் முகத்தில் அடித்தது.

கண்ணாடி.

இடது கையை மூடிக்கொண்டாள்.

வலது கை தன்பாட்டில் பெடலைத் தட்டியது. சக்கரம் சுற்றியது. தடங்கலே இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தது.

காலடியில் சாக்கடை. விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

ஒரே மகன்.

"ம்மா."

கதவருகே தருண். அவன் சைக்கிளைப் பார்க்கவில்லை. அவள் இடது கையைப் பார்த்தான்.

"துப்பட்டா மாட்டிக் கழுத்த இழுத்துருச்சும்மா. கூப்பிட்டேன். எந்திரிக்கவே இல்ல. பயமாயிருச்சு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணியில தள்ளறப்ப மூச்சு இருந்துச்சாடா?"

சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது.

அதுவும் நின்றது.

சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினாள். சந்தனம் தடவினாள். குங்குமம் வைத்தாள். எல்லாம் வலது கையால்.

பொரித் தட்டை இடுப்போடு அணைத்து எடுத்துக்கொண்டாள். துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"அதைக் குடுத்துட்டுப் போம்மா." குறுக்கே வந்து கையை நீட்டினான். சின்ன வயதில் பொரிக்கு நீட்டியது போலவே.

அவள் சுற்றிக்கொண்டு போனாள்.

தெருவைக் கடப்பதற்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

பூங்கொடி அக்கா முந்தானையை விரித்தாள். இவள் வலது கையால் ஒரு பிடி அள்ளினாள்.

"ஒத்தக் கையில போடாத கண்ணு. பிச்சையாட்ட இருக்குது."

தட்டைப் படியில் வைத்தாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது.

இடது கையையும் விரித்து, இரண்டு கையாலும் அள்ளினாள்.