தளபதியின் மூக்கு

"மூக்கை அறுத்துடுங்கம்மா," என்றார் பெரியவர். "பாதியெல்லாம் வேண்டாம். முழுசா."

சிற்பி கத்தியை எடுத்தாள். ஒரே இழுப்பு. மேசையில் விழுந்த மூக்கைப் பார்க்க, நெற்றியில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. கடுகில் கால்வாசி இருக்கும்.

மூக்கை இழந்தவர் ஒரு குதிரைப்படைத் தளபதி. இருநூறு வருடங்களுக்கு முன்னால் முப்பதே பேரை வைத்துக்கொண்டு ஓர் ஆற்றுப் பாலத்தைக் காத்தவர். இப்போது சுண்டுவிரல் உயரத்தில், களிமண்ணில், ஒரு மரக்கட்டை மேல் நின்றுகொண்டிருந்தார். அவரை அச்சில் வார்த்து, கை தனி கால் தனியாகப் பெட்டியில் அடைத்து, ஒட்டி வண்ணம் பூசி அழகு பார்க்கிறவர்களுக்கு விற்கப்போகிறது அவள் வேலை பார்க்கும் கம்பெனி.

போன தடவை அவள் செய்த பீரங்கிக்காரனுக்குச் சட்டையில் ஒரு பொத்தான் கூடிப்போயிற்று. வாங்கியவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டார்கள். எழுபது கடிதம் வந்தது.

"இன்னொரு தப்பு வந்தா, நீங்க பெட்டி ஒட்டுற செக்‌ஷனுக்குப் போயிடலாம்," என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் அவர் செய்யாமல் விட்டதில்லை.

தளபதிக்கு ஓவியமும் கிடையாது, சிலையும் கிடையாது. 'அவருக்கு முன்னால் அவர் மூக்கு களத்துக்குள் நுழையும்' என்று ஒரு சிப்பாய் தன் வீட்டுக்கு எழுதிய கடிதம் மட்டும் இருந்தது. அந்த மூக்கு வம்சத்தில் யாருக்காவது மிச்சம் இருக்காதா என்றுதான், தளபதி வாழ்ந்த வீட்டின் கதவை அவள் போய்த் தட்டினாள்.

கதவைத் திறந்தது ஒரு மூக்கு. அதன் பின்னாலேயே பெரியவர் வந்தார்.

"தளபதியோட வீடு இதுதானே சார்?"

"இதேதான்."

"உங்க முகத்தை அளவெடுத்துக்கலாமா? அவரைச் சிலையா செய்யறோம்."

பெரியவர் ஒரு கணம் உள்ளே திரும்பிப் பார்த்தார். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"தாராளமா எடுத்துக்குங்க," என்றார்.

அதற்கப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. தினமும் காலையில் பத்து மணிக்கு ஜன்னலோரம் வந்து, துடைப்பத்தை வாளாகப் பிடித்துக்கொண்டு, வயிற்றை எக்கி நின்றார். மூக்கின் நடுவில் இருக்கும் மேடு சரியாக வரவில்லை என்று ஆறு தடவை அறுக்கச் சொன்னார்.

ஒரு நாள் அவருடைய மனைவி வந்து நின்றார். "அதைக் குடுங்க. கூட்டணும்."

தளபதி மறுபேச்சில்லாமல் வாளை ஒப்படைத்தார்.

நின்று நின்று அவருக்குக் கால் வலிக்கும்போது சிற்பி பேச்சுக் கொடுப்பாள். "சின்ன வயசுல இந்தக் கூடத்துல எப்படியெல்லாம் ஓடி விளையாடியிருப்பீங்க சார்!"

"விளையாட யாரு விட்டா? வந்த நாள்லேருந்து வேலை ஏவிக்கிட்டேதான் இருந்தாங்க."

படைத்தளபதி வம்சம், கண்டிப்பான வளர்ப்புதான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஏழாவது மூக்கு நின்றது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். 'தளபதியின் குடும்பத்தாரே ஒப்புக்கொண்ட முகம்' என்று பெட்டி மேல் போடலாம், அதற்கு ஒரே ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வா என்றார்.

அந்த ஒரு கையெழுத்துக்காக அவள் மூன்று நாள் நடந்தாள். முதல் நாள் பெரியவருக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் கை சுளுக்கிக்கொண்டது. மூன்றாம் நாள் அவரையே காணோம். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார்.

"முடி வெட்டிக்கப் போயிருக்காரு. பெட்டிக்குப் போட்டோ எடுப்பாங்களாமே. உட்காரும்மா. அந்தப் பொம்மையைக் கொஞ்சம் காட்டு, நானும் பார்க்கிறேன்."

சிற்பி பொம்மையையும் பூதக்கண்ணாடியையும் கொடுத்தாள். அந்த அம்மா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"அச்சு அசல் இவரேதான்," என்றார் கடைசியில். "முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாள்கூட இந்த மனுஷன் இப்படி நெஞ்சை நிமித்தி நின்னு நான் பார்த்ததில்லை. இந்த மூணு வாரமாத்தான் வீட்டுல சத்தமா பேசறாரு. எனக்கே டீ போடச் சொன்னாருன்னா பார்த்துக்கோயேன்."

"போட்டீங்களா?"

"போட்டேன்."

சிற்பி மெதுவாகப் படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். "சார் வந்ததும் இதுல ஒரு கையெழுத்து வேணும்மா. மத்தியானம் பெட்டி அட்டை அச்சுக்குப் போகணும். போகலைன்னா நான் பெட்டி ஒட்டத்தான் போகணும்."

அந்த அம்மா படிவத்தை வாங்கி விரல் வைத்துப் படித்தார். "'இது எங்கள் குடும்பத்து முகமே என்று உறுதி கூறுகிறேன்'." இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தார். "அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து, கீழே பளிச்சென்று தன் கையெழுத்தைப் போட்டார்.

சிற்பி பதறி எழுந்தாள். "ஐயோ, என்னம்மா நீங்க! தளபதியோட நேரடி வாரிசுதானே இதுல கையெழுத்துப் போடணும்!"

"அதான் போட்டிருக்கேன்." அந்த அம்மா நிதானமாகப் பேனாவை மூடினார்.

"அவரு வீட்டோட மாப்பிள்ளைம்மா."