விடுதிக்கு முன் ஓர் ஊசி

சீட்டில் இருந்த மருந்தின் பெயரை மைமூன் மூன்றாவது முறையாக எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

தெரிந்த ஊசிதான்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்குப் போடுவார்கள். அவளுடைய கூடப்பிறந்த ராத்தாவும் மச்சானும் போட்டுக்கொண்டுதான் போய் வந்தார்கள்.

விடுதிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் போடலாம் என்று அன்றைக்கு அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ஆறு வருடமாகிறது. மகன் இத்ரீஸ் பொறியியல் சேர்ந்து நாற்பதே நாள். ஓர் அறையில் நான்கு பேர். காலையில் காய்ச்சல் என்று போன் செய்தான். மாத்திரை போட்டுக்கொண்டு படு என்றாள். மத்தியானம், அவனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று அறையில் இருந்த பையன் சொன்னான். அவள் போய்ச் சேர்ந்தபோது அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

மூளைக்காய்ச்சல் என்றார்கள்.

பதினேழாம் நாள் கண்ணைத் திறந்து, உம்மா என்றான்.

சொல்லுப்பா என்றாள்.

அவனுக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகும் கேட்கவில்லை.

இப்போது மகள் ரஹீலாவுக்குப் பெங்களூரில் இடம் கிடைத்திருக்கிறது. புள்ளியியல். விடுதிப் படிவம் மூன்று வாரமாக மைமூனின் கைப்பையில் மடங்கிக் கிடக்கிறது. உன் விருப்பம் என்று மஸ்கட்டிலிருந்து கணவர் சொல்லிவிட்டார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் போடவில்லை.

ஊசிக்கு ஏற்பாடு செய்தது இத்ரீஸ். எங்கோ படித்துவிட்டு, டாக்டருக்குச் செய்தி அனுப்பி, நாள் குறித்து, இரண்டு பேரையும் தூத்துக்குடிக்குக் கூட்டி வந்திருக்கிறான்.

நர்ஸ் பஞ்சால் தோளைத் துடைத்தாள். ரஹீலா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

இத்ரீஸ் அவள் கன்னத்தைத் தட்டிக் கண்ணைத் திறக்கவைத்தான். தன் குரல் தனக்குக் கேட்காததால் எப்போதும் உரக்கத்தான் பேசுவான்.

“நல்லா அழு. எனக்கு ஒண்ணும் கேக்காது.”

வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரஹீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் ஊசி போட்டாகிவிட்டது.

மைமூன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் காது கேட்காததை வைத்து அவன் கேலி பேசி அவள் கேட்டதில்லை.

டாக்டர் கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்.

“எல்லா வகைக் கிருமியையும் இது தடுக்காதும்மா. காய்ச்சலோட கடுமையான தலைவலி, கழுத்து விறைப்புன்னு வந்தா, ஊசிதான் போட்டாச்சேன்னு இருந்துறக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அது கூட இருக்குறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.”

“கூட இருக்குற புள்ளைங்களும் இதப் போட்டுக்கலாமா?” என்றாள் மைமூன்.

“போட்டுக்கிட்டா நல்லதுதான்.”

வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சுவரில் மின்விசிறி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

“உன் ரூம்ல யாரு?”

ரஹீலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வாரத்தில் விடுதியைப் பற்றி உம்மா கேட்கும் முதல் கேள்வி.

“ஒரு புள்ளதான் உம்மா. இளவேனில்னு பேரு. தருமபுரி.”

“அவ அம்மா நம்பர் கெடைக்குமா?”

“கேட்டா தருவா.”

கேட்டாள். வந்தது.

மைமூன் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். நான்கு முறை மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

“என்னை உங்களுக்குத் தெரியாதும்மா. என் பேரு மைமூன். காயல்பட்டினத்துலேருந்து பேசுறேன்.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

“உங்க பொண்ணும் என் பொண்ணும் ஒரே ரூம்ல இருக்கப் போறாங்க.”

ரஹீலா நிமிர்ந்தாள்.

இத்ரீஸின் கண்கள் உம்மாவின் உதடுகளில் இருந்தன. என்ன சொன்னாங்க என்று அவன் தங்கையிடம் கேட்கவில்லை.

“ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்சம் பேசலாமா?”

“இருங்கக்கா, அடுப்ப அணைச்சிட்டு வந்துர்றேன்” என்றது அந்தக் குரல்.

மைமூன் காத்திருந்தாள்.