ஐந்து நட்சத்திர நிம்மதி

அப்பாவின் தலைமாட்டில் ஐந்து நட்சத்திர விளக்குகளும் எரிந்தன. கட்டில் தானாகவே நோயாளியின் முகத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிடும். முகம் சுளித்தால் ஒன்று அணையும்.

“நீங்க வந்தாலே ஸ்டார் குறையுது மேடம். நாலுக்குக் கீழ போனா எங்க லைசென்ஸ் போயிடும்” என்றார் அந்த இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தின் மேலாளர் தினகர். “அதான் ஊசி போட்டு வச்சிருக்கோம். கடைசி நாள்ல நிம்மதியா இருக்கட்டுமே.”

பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்சிக் கரைவேட்டி இல்லாமல் வாசல் தாண்டாத மனிதருக்கு வெளிர்நீலப் பைஜாமா மாட்டியிருந்தார்கள். ஊர் ஊராக மேடையில் முழங்கிய வாய், பொம்மை வாய் போலச் சிரித்துக் கிடந்தது.

“அப்பாகிட்ட தனியா விடைபெத்துக்கிறேன். நீங்க கெளம்புங்க.”

தினகர் வெளியேறியதும் கதவைத் தாழிட்டு அப்பாவின் காதருகே குனிந்தாள்.

“அப்பா, ஒங்க கட்சிக்கு நான் ஒரு தடவகூட ஓட்டுப் போட்டதில்ல.”

இமை துடித்தது. ஒரு நட்சத்திரம் அணைந்தது.

“யாருடி அது?” அப்பாவின் குரல் கரகரத்தது. “துரோகி!”

இன்னும் மூன்று அணைந்தன. வெளியே தினகர் கதவை இடித்தார். “மேடம், என்ன பண்றீங்க? தொறங்க!”

“செத்துப்போன மூஞ்சிக்குத்தானய்யா அஞ்சு ஸ்டார் வாங்குன? போய்யா!” என்று கத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இந்தத் தடவையும் எதிர்க்கட்சிக்குத்தான் போட்டேன்பா.”

கடைசி நட்சத்திரமும் அணைந்தபோது, அப்பா தலையைத் தூக்கி, மகளின் முழுப் பெயரையும் சொல்லித் திட்டத் தொடங்கியிருந்தார்.