கால் டிக்கெட்

பெரம்பூர் ரெஜினாவின் கால்கள் உணர்விழந்து பதினொரு வருடம். இந்தக் கால்பந்து லீக் சீசனுக்கு அவள் கால் டிக்கெட் எடுத்தாள். காலில் ஒரு பட்டை கட்டினார்கள். கடலோரத் தூத்தூர்க்காரனான ஆட்டக்காரன் ஜெனிசனின் பாதத்தில் படுவதெல்லாம் சீசன் முடியும்வரை அவள் பாதத்திலும் படும். முதல் நாளே, அவன் பூட்ஸ் மாட்டுமுன், ஈரப்புல் பட்டு அவள் பாதம் கூசியது.

ஆறாவது ஆட்டத்தில் ஜெனிசனுக்குக் கணுக்கால் பிசகியது. ரெஜினா அலறினாள். தங்கை பட்டையைக் கழற்ற ஓடிவந்தாள்.

"விடுடி! என் காலு வலிக்குது!" என்று அழுதபடியே சிரித்தாள் ரெஜினா.

அடுத்த வாரம் லீக்கிலிருந்து அழைத்தார்கள். "அவர் இந்த சீசன்ல இனி ஆடமாட்டாரும்மா. வேற வீரரை மாத்தித் தரவா?"

"வேணாங்க. இப்பதான் எங்களுக்கு வீக்கம் வத்துது."

ஜெனிசன் ஊர் போய்ச் சேர்ந்த பிற்பகலில், கட்டிலில் கிடந்த அவள் பாதங்களை அலை நனைத்தது. திரும்பும்போது அடியிலிருந்த மணலையும் மெல்ல இழுத்துப் போனது.