இரண்டு போர்டு, ஒரே ஃபைல்

கணினிக்குள் கர்னல் என்ற மென்பொருள்தான் மேஸ்திரி. சிப்பு, ஃபேன் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கும். ஆனால் அதற்குக் கண் தெரியாது. எந்த சர்க்யூட் போர்டில் என்னென்ன இருக்கிறது என்று, வரிக்கு ஒரு பெயராகப் பட்டியல் வைத்திருக்கும் ஃபைல்தான் சொல்ல வேண்டும்.

பழைய போர்டு ஒன்று, புதிய போர்டு ஒன்று. தனித்தனி ஃபைல் வைத்தால் யார் பார்த்துக்கொள்வது? இரண்டுக்கும் ஒரே ஃபைல்தான்.

தினமும் புதிய போர்டு கண்விழித்ததும், "ஃபேன்!" என்று கர்னல் கூப்பிடும். பதில் வராது. கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும்.

"என்கிட்ட ஏதுண்ணே ஃபேன்? தினம் இதே ரோதனை. ஃபைல்ல இருக்கிற அந்த ஃபேன் வரியை எடுத்துத் தொலைங்க," என்றது புதிய போர்டு.

ஃபைலுக்கு அலுத்துப்போயிருந்தது. ஒன்று சேர்க்கச் சொல்லும், இன்னொன்று எடுக்கச் சொல்லும். பழைய போர்டிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அது வேறு பஞ்சாயத்து. வரியை எடுத்துவிட்டது.

மறுநாள் பழைய போர்டு சூடேறிக் கொதித்தது.

"மேஸ்திரி, நான் இங்கதான் இருக்கேன்! என்னைக் கூப்பிடுங்க!" என்று அதன் ஃபேன் கத்தியது.

"ஃபைல்ல உன் பேர் இல்லையேப்பா," என்றது கர்னல்.

"சரி சரி, போடறேன்," என்று முனகிக்கொண்டே ஃபைல் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தது.

"ஃபேன்!" என்று கூப்பிட்டது கர்னல்.

பழைய போர்டிலிருந்து கருகிய வாடைதான் வந்தது. கர்னல் எப்போதும்போலக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போனது.