இருட்டுக்கு ஏற்ற கமெரா

“முகத்தில மச்சம் இருந்தால் இதில தெரியுமோ?” என்று கதிர்காமு கேட்டதும் தியாகலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கிழவன் வாசல் படலையைத் திறந்து காட்டிவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டான்.

தியாகலிங்கம் யாழ்ப்பாணத்து வீடியோக்காரன். கலியாண வீடுகளில் தாலி கையில் பிடித்த மாப்பிள்ளையே அவனுடைய கைச்சாடைக்குக் காத்து நின்றதில், கமெரா தூக்காதவனெல்லாம் மாடு என்ற எண்ணம் அவனுக்குள் ஊறிப்போயிருந்தது. புங்குடுதீவுக்கு வந்தால் அது இன்னும் ஒரு முழம் வளரும்.

“மச்சமோ? மூக்குத்தி ஓட்டையே தெரியும் அப்பு. சிங்கப்பூரிலயிருந்து வந்த புதுசு இது. ஒரு லாம்பு வெளிச்சமே காணும்.”

விசயம் இதுதான். கதிர்காமுவின் மகன் ஜெர்மனியில். தாய் அன்னபூரணத்தை வீடியோவில் கண்ணால் காணாவிட்டால் பிளேனேறி வந்துவிடுவேன் என்று கொழும்புக்குப் போன ஊர் ஆளொருவரிடம் டெலிபோனில் சொல்லி அனுப்பியிருந்தான். அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக ஏலாது. கட்டுநாயக்கா எயார்போட்டில் இறங்கின கையோடு ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போவார்கள். முன்னம் ஒருமுறை பிடித்தவர்கள் உயிரோடு விட்டதே பெரிய காரியம்.

தாய்க்குக் கண்ணில் வருத்தம், வெளிச்சம் கூசும், அதனால் பொழுதுபட்ட பிறகு லாம்பு வெளிச்சத்தில்தான் படம் எடுக்கவேண்டும் என்பது கதிர்காமுவின் கட்டளை. கமெராவும் ஒன்று காணாதாம். இரண்டு கொண்டுவரவேண்டும், இரண்டையும் இருட்டில் சோதித்துப் பார்த்துத்தான் அவர் ஒன்றைச் சொல்லுவாராம். மாட்டுக்குப் பல்லுப் பிடித்துப் பார்க்கிற மனுசனுக்குக் கமெராச் சோதனை கேட்குது என்று தியாகலிங்கம் வழி முழுக்க மோட்டார் சைக்கிளில் முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

இதற்கிடையில் பக்கத்து வளவுப் பரிமளம் சோற்றையும் கறியையும் பெட்டியில் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தாள். வைத்தவள் ஒருவருக்கும் ‘போயிட்டு வாறன்’ என்று ஒரு சொல் சொல்லாமல், குனிந்த தலை நிமிராமல் படலையால் போய்விட்டாள். தீவாருக்கு மரியாதையும் தெரியாது என்று தியாகலிங்கம் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

லாம்பை மேசையில் வைத்துக் கிழவரையே கதிரையில் இருத்தி, இரண்டு கமெராவாலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, திரும்ப ஓடவிட்டுக் காட்டினான். கதிர்காமு ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு மற்றக் கண்ணைக் கமெராவின் துவாரத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். புதுசில் அவருடைய புருவத்துத் தழும்பு, காது மயிர், முந்தநாள் வழித்த தாடியின் கட்டை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. தோளில் தூக்கிவைக்கிற பழசில், யாரோ பனங்காய்க்குக் கண்ணும் மூக்கும் வைத்த மாதிரி ஏதோ ஒன்று அசைந்தது.

“அவன்ர தாய்க்கு இடக் கன்னத்தில மிளகளவு மச்சம். அதைத்தான் முதல் தேடுவான்,” என்றார் கதிர்காமு.

“அப்ப புதுசுதான். வேற கதையில்லை.”

கதிர்காமு புதுக் கமெராவை மேலும் கீழும் பார்த்தார். கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கிற பார்வை.

“இந்தச் சாமான் தேவைக்கு மிஞ்சிக் கனக்கப் பார்க்குது தம்பி. நீர் பழசைத் தூக்கும்.”

தியாகலிங்கம் சொல்லிப் பார்த்தான். பழசு பகலுக்குத்தான் ஆகும், இருட்டில் மச்சம் ஒரு கறுப்புப் பொட்டாய்த்தான் விழும், முகம் புகையாய்த்தான் இருக்கும், பெடியன் பார்த்துவிட்டுத் தன்னைத்தான் திட்டுவான் என்றெல்லாம் விளங்கப்படுத்தினான். கறுப்புப் பொட்டுத் தெரிந்தால் காணும் என்றார் கிழவர். சரி, தாய் நாலு வார்த்தையாவது கதைக்கட்டும் என்றான்.

“கதைக்கமாட்டாள். தலையாட்டுவாள்.”

செவிட்டுச் சுவரோடு ஆர் மல்லுக்கட்டுவது? தியாகலிங்கம் புதுசைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிப் பழசைத் தோளில் ஏற்றினான். நாளைக்குக் கடையில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவேண்டும் என்று நினைத்தான். கிழவன் லாம்புத் திரியைப் பதித்து வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தபோது, கதைக்கு வாலும் கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டான்.

“சரி, அம்மாவைக் கூப்பிடுங்கோ.”

அறைக்குள்ளிருந்து ஒரு மனுசி மெல்ல வந்தாள். அரக்கு நிறச் சீலை, தலையில் முக்காடு. கதிரையில் இருந்தவள் கமெராவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்யக் கிட்டப் போன தியாகலிங்கம், இடக் கன்னத்து மச்சம் ஈரமாய் மினுங்குவதைக் கண்டு அப்படியே நின்றான்.

மனுசியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டது. அவள் துடைக்கக் கையைத் தூக்கினாள்.

“கையை எடும், சின்னத்தங்கம்,” என்றார் கதிர்காமு. “மை கரைஞ்சால் அக்கா செத்தது பெடியனுக்குத் தெரிஞ்சுபோகும்.”